எஸ்.எஸ்.டி.க்கும் தாய் கேட்ட அக்கா

பக்கத்து வீட்டு அக்காவுக்கு முன்னால் ஒரு பொருளைச் சும்மா வைத்துவிட்டுப் போக முடியாது. மீன்காரர் சைக்கிளை நிறுத்தினால் விலை கேட்பதற்கு முதல், "இது வாவியா, கடலா?" என்பார். வாவி மீன் என்றால், "முகத்துவாரத்துப் பக்கமா, வலையிறவுப் பக்கமா?" என்பார். ஒருநாள் மீன்காரருக்குப் பொறுமை கெட்டுவிட்டது. "அக்கா, நாளைக்கு மீன்ட தாயையும் கூட்டி வாறன். அவட்டயே கேளுங்க" என்றார். "கூட்டி வா. அவளைப் பாத்துப்போட்டுத்தான் வாங்குவன்" என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அரிசி வாங்கினாலும் அப்படித்தான். வயல்வெளியை எங்கள் பக்கம் வட்டை என்போம். எந்த வட்டையில் விளைந்த நெல் என்று தெரியாமல் ஒரு கொத்து அரிசியும் அவருடைய உலையில் வேகாது. கரடியனாற்றுப் பக்கம் என்றால் தலையாட்டுவார். "தெரியாது" என்று சொன்ன கடைக்காரரிடம், "தாய் தெரியாத நெல்லா?" என்று கேட்டுவிட்டுப் பையை மடித்துக்கொண்டு வந்தவர்.

மனுஷரை விடுவாரா? மட்டக்களப்பில் குடி என்று ஒன்று உண்டு. அது தாய்வழி வருவது. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை, கோயில் சடங்கிலும் குடி குடியாகத்தான் கூப்பிட்டு மரியாதை செய்வார்கள். மற்றவர்கள் கல்யாணப் பேச்சில் மட்டும் கேட்பதை அக்கா கரண்ட் மீற்றர் பார்க்க வந்தவரிடமும் கேட்பார். நான் கல்லடிக்குக் குடிவந்த முதல் கிழமையே வேலிக்கு மேலால் என்னிடமும் கேட்டார்.

"நாங்க மெதடிஸ்ற் ஆக்கள் அக்கா. எங்களுக்குக் குடி கிடி இல்ல."

"வேதத்துக்கு வாறதுக்கு முதல் உன்ட அம்மம்மாட அம்மம்மா என்ன, ஆகாசத்தால விழுந்தவவா? கொம்மாட்டக் கேட்டுச் சொல்லுகா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது! அதைச் சொன்ன அன்று அக்கா எனக்கு ஒரு சட்டி பாலைப்பழம் தந்தார். இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல சனம், ஒன்றும் கேட்க மாட்டார்கள். எனக்கு அது பிடிக்கவேயில்லை.

இப்படி ஊருலகத்துக்கெல்லாம் தாய் கேட்கிறவரின் வீட்டில், தாய் ஆரென்று தெரியாத பிள்ளை ஒன்று வளர்ந்தது. இது தெருவுக்கே தெரிந்த கதை, அந்தப் பிள்ளைக்கும் தெரியும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாட்களில், புருஷனை இழந்து பிள்ளைகுட்டி இல்லாமல் இருந்த அக்கா, அகதிகளுக்குச் சமைக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவர் ஒன்றரை வயதுப் பெண்பிள்ளையைக் கொண்டுவந்து, "பிடிங்க, வாறன்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. பொலிசில் எழுதினார்கள், அரசாங்கக் கச்சேரியில் எழுதினார்கள். ஒருவரும் தேடி வராததால் பிள்ளை அக்காவிடமே நின்றுவிட்டது.

பிள்ளை வளர்ந்து வாய்க்காரியாகிவிட்டாள். "சந்தையில கத்தரிக்காய்க்கும் தாய் கேக்கிறீங்க, எனக்கு எப்பம்மா கண்டுபிடிப்பீங்க?" என்பாள். "தேடிக்கொண்டுதானே இரிக்கன்" என்பார் அக்கா. "எனக்கு ஆளே வேணாம். ஒரு படம் கிடைச்சாப் போதும். மூக்கு ஆர்ட எண்டு பாக்கோணும்" என்று சிரிப்பாள். அவள் சிரித்தாலும் அது பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா தேடினார் என்பதற்கு நானே சாட்சி. கடற்கரை வீடுகளில் கடல் கொண்டுபோன சாமான்களில் பெரியது அல்பம். ஆனால் கல்யாணப் படம், சாமத்தியப் படம் என்று சொந்தக்காரருக்குக் கொடுத்த கொப்பிகள் உள்ளூர்களில் தப்பிக் கிடந்தன. அக்கா பஸ் ஏறிப் போய் அவற்றை இரவல் வாங்கி வருவார். நான் வீட்டில் இருந்து கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடித்துக் கொடுக்கிறவள். என்னிடம் ஸ்கேனர் இருந்தது. படத்தை ஏற்றுவேன், அக்கா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முகத்துக்கும் பேர், ஊர், தாய் எல்லாம் சொல்லுவார், நான் அடித்து வைப்பேன். படம் இழந்தவர்கள் தேடி வந்தால் கொப்பி கொடுப்போம். செத்த தாயின் முகத்தை முதல்முறை கடதாசியில் பார்த்து என் மேசையில் தலை வைத்து அழுதவர்கள் உண்டு. எல்லாப் படமும் என்னுடைய பழைய கொம்பியூட்டருக்குள்தான் கிடந்தது.

அந்தக் கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. நாளுக்கு மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டின காலம் அது. "பல்லி சொல்லுதா?" என்று கேட்டார் அக்கா. "பல்லி இல்ல அக்கா, டிஸ்க். சாகப் போகுது. எஸ்.எஸ்.டி. எண்டு புதுசு ஒண்டு வாங்கி எல்லாத்தையும் மாத்தோணும்" என்றேன். அக்கா உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு, "நடகா" என்றார்.

ரவுணில் இருந்த அந்தக் கடைக்காரர் காத்தான்குடி ஆள், ஐம்பது வயதிருக்கும். நான் எஸ்.எஸ்.டி. என்று கேட்டதும் கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவான, தட்டையான சாமான்கள். அக்கா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வரப்போகிறதென்று எனக்குத் தெரியும்.

"இதுட தாய் ஆர்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"விளங்கல்லயே அக்கா."

"மேல பேர் ஒட்டியிரிக்கி. பேர் அப்பன் வைக்கிறது, ஆரும் ஒட்டலாம். உள்ளுக்க இரிக்கிற சாமான் எந்த வயித்துல பிறந்த?"

வேறு ஊர்க் கடையென்றால் சிரித்திருப்பார்கள். காத்தான்குடியிலும் குடி தாய்வழிதான். கடைக்காரர் கதிரையை இழுத்து அக்காவை இருக்கச் சொன்னார். "இருவது வருஷமா யாவாரம் செய்யிறன். எல்லாரும் எவ்வளவு வேகம், எவ்வளவு இடம் எண்டுதான் கேப்பாங்க. நீங்கதான் சரியான கேள்வி கேட்ட" என்றார்.

பிறகு சொன்னார். உள்ளே நினைவு வைத்திருக்கிற சிப்பைச் செய்கிற தொழிற்சாலைகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றக் கம்பனிகள் அவர்களிடம் வாங்கி, கூடு போட்டு, தங்கள் பேரை ஒட்டி விற்கின்றன. சில கம்பனிகள் இந்த மாதம் ஒருவரிடம் வாங்கும், அடுத்த மாதம் மலிவான இன்னொருவரிடம் வாங்கும். பெட்டியும் அதே, பேரும் அதே.

"சொல்லாமலா மாத்துவான்?"

"சொல்லாமத்தான்."

"சீ! பேர் ஒண்டு, வயிறு வேறயா?" அக்கா கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார்.

முதலாவது பளபள என்று மின்னல் படம் போட்ட கூடு. ஒரு ஆள் கொண்டுவந்து விற்றுத்தரச் சொன்னதாம். நாலு டெராபைட் என்று எழுதியிருந்தது, விலையோ மற்றவற்றிலும் குறைவு. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அக்கா கேட்டார்: "இவ்வளவு சின்ன வயித்துல நாலு பிள்ளையா? அதுவும் மலிவா?" கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பொய்தான் அக்கா. நாலு எண்டு காட்டும். கொஞ்சம் நிரம்பினாப் பிறகு புதுசு ஏத்த ஏத்தப் பழசுக்கு மேல எழுதும், நமக்குத் தெரியவும் வராது. நான் விக்கிறல்ல, ஆக்களுக்குக் காட்டத்தான் வைச்சிரிக்கன்."

இரண்டாவது நடுத்தரம். அதைத் தன் கொம்பியூட்டரில் கொழுவி, ஒரு புறோக்கிராமைத் திறந்து காட்டினார். கட்டுப்படுத்துகிற சிப்பின் பேர் வந்தது, நினைவுச் சிப் இருந்த இடத்தில் "தெரியாது" என்று வந்தது. அக்கா அதைக் கையால் தள்ளிவிட்டார்.

மூன்றாவதைக் கொழுவினார். சிப் செய்ததும் பேர் ஒட்டியதும் ஒரே கம்பனி, ஐந்து வருஷ வாறண்டி. "வயிறும் அவன்ட, பேரும் அவன்ட. இதுல எவ்வளவு எழுதலாம் எண்டும் பெட்டியிலயே போட்டிரிக்கான். உங்கட வீட்டுப் படங்கள் ஏத்தினா நீங்க இரிக்கும் வரைக்கும் அந்தக் கணக்கு முடியாது" என்றார்.

"வேகம் எப்பிடி?" என்று நான் வாயைத் திறந்தேன். "ஓடிப்போய் எங்ககா சேரப்போறாய்?" என்று அக்கா என் வாயை அடைத்துவிட்டு, கடைக்காரரிடம் திரும்பினார்.

"இது சாகக்குள்ள சத்தம் போடுமா, பழசு மாதிரி?"

"போடாது. நேத்து இருந்த, இண்டைக்கு இல்ல. அதனால எப்பவும் ரெண்டாவது கொப்பி ஒண்டு வேற இடத்துல வைங்க. எந்தக் குடியில பிறந்தாலும் சாவு வாறதுதானே அக்கா."

"கரண்ட் இல்லாமப் பெட்டிக்குள்ள வைச்சா?"

"சில மாசம் பறவாயில்ல. வருஷக்கணக்கா விட்டா மறக்கத் தொடங்கும்."

"அப்ப இதுக்கும் இடைக்கிடை சோறு போடோணும்." அக்கா பெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இதுல ஒரு படத்த அழிச்சா, மறுகா எடுக்கலாமா?"

"பழைய டிஸ்க் எண்டா தோண்டி எடுத்துக் குடுத்திரிக்கன். இதுல ஏலா. அழிச்ச இடத்த அது தானே கொஞ்ச நேரத்துல துடைச்சு வைச்சிரும். கவனமா இரிக்கோணும்."

இதைக் கேட்டால் அக்கா வேண்டாம் என்று எழும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். "இதையே தாங்க" என்றார்.

கரண்ட் இருந்த நேரம் பார்த்து, ஒரு சனிக்கிழமை முழுக்கப் படங்களை மாற்றினோம். பழையது டிக் டிக் என்று அழுதுகொண்டே கொடுத்தது. அக்கா அசையாமல் இருந்தார். இரண்டு நாளில், கரண்ட் போய் வந்தபோது அந்தப் பழைய டிஸ்க் எழும்பவேயில்லை. இரண்டாவது கொப்பிக்கு இன்னொன்று வாங்குவோம் என்று நான் நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். என்னுடைய புத்தி அவ்வளவுதான்.

அடுத்த கிழமை வியாழக்கிழமை மாங்கேணியிலிருந்து ஒருவர் கோல் எடுத்தார். மீன்பிடிக்கிறவர். தங்கச்சியையும் மச்சானையும் அவர்களுடைய பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டாராம். தங்கச்சியின் முகம் ஞாபகத்தில் இருந்து போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு படமும் இல்லை என்றார். அவளுடைய கல்யாணப் படம் ஒன்றை வாழைச்சேனையில் ஒரு வீட்டில் அக்கா முன்னம் இரவல் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டாராம், அந்த வீட்டுப் படத்தைப் பிறகு கறையான் தின்றுவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டார். வாங்க என்றேன்.

ஓடிப்போய் வேலிக்கு மேலால் அக்காவிடம் சொன்னேன். இப்படிச் செய்தி என்றால் அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும், நூறு கேள்வி கேட்பார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. முருங்கை இலையை உருவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் வந்தார். "வாழைச்சேனைப் படத்த எடு" என்றார். எடுத்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும், பக்கத்தில் நாலைந்து சொந்தக்காரர். அக்கா ஒன்றும் சொல்லாததால் கீழே நான் ஒரு பேரும் அடித்திருக்கவில்லை. அக்கா அந்தப் பெண்ணையே பார்த்தார்.

"அழி."

"என்ன?"

"அந்தப் படத்த அழிகா."

"விசரா அக்கா உங்களுக்கு? இதுல அழிச்சாத் திரும்ப வராது. கடையில சொன்னதுதானே!"

"தெரியும். அதுக்குத்தான் கேட்டனான்."

அப்போதுதான் நான் அந்தப் பெண்ணை ஒழுங்காகப் பார்த்தேன். புருவமும் மூக்கும் கொஞ்சம் உயர்ந்த மேல்சொண்டும். தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நான் பார்த்த முகம்.

"எப்ப தெரியும்?"

"கடல் வந்து மூணாம் வருஷம். இந்தப் படத்தக் கண்ட அண்டைக்கு. விசாரிச்சன், எல்லாம் சரியா வந்த. கடல் வந்த அண்டைக்கு, பூரணை லீவுக்குப் புருஷன்ட ஆக்கள் வீட்ட இஞ்சால வந்து நிண்டவ."

"மூணாம் வருஷமா! பிறகும் பஸ் ஏறி ஏறிப் போய்த் தேடினீங்களே?"

"நிப்பாட்டினா ஏன் நிப்பாட்டினாய் எண்டு நீங்க கேப்பீங்கதானே."

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. "அந்த மனுஷன் தங்கச்சிட முகம் மறந்துபோகுது எண்டு அழுறார் அக்கா! மருமகள் உயிரோட இரிக்கிறதே அவருக்குத் தெரியாது. இவளும் ஒரு படம் தாங்க எண்டு கேட்டுக் கேட்டு வளந்தவள். இது பாவம் இல்லயா?"

"பாவம்தான்" என்றார் அக்கா. "தாய் இல்லாட்டிக் குடியில மாமன்தான் எல்லாம். வந்து கையப் பிடிச்சுக் கூட்டிப்போனா நான் ஆர் எண்டு மறிக்கிற? நான் எந்தக் குடியில அவளுக்குத் தாய் எண்டு கேட்டா என்னத்தச் சொல்லிற? அவளுக்குச் சின்ன வயசு, மறுகா சொல்லுவம், மறுகா சொல்லுவம் எண்டு இருந்திட்டன்."

"அப்ப பழைய டிஸ்க்கோட போகட்டும் எண்டு விட்டிரிக்கலாமே? ஏன் பாடுபட்டு நல்லதாப் பாத்து வாங்கினீங்க?"

"அதுக்குள்ள எத்தின பேர்ட தாய்மார் இரிக்காங்ககா. ஒருத்திக்குப் பயந்து எல்லாரையும் சாக விடேலுமா?"

நான் எழும்பி மவுசை அவர் பக்கம் தள்ளினேன். "என்னால ஏலா. நீங்களே அமத்துங்க. இந்தப் பட்டன்தான்."

அக்கா முன்னம் ஒருநாளும் அதைத் தொட்டவரில்லை. கையை அதன்மேல் வைத்தார். திரையில் அம்புக்குறி எங்கெங்கோ ஓடியது. "என்ட புள்ள அவள்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, படத்தில் இருந்தவளிடம் சொன்னார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "அம்மா, கண்ணாடிய வீட்ட போட்டிட்டு வந்து இஞ்ச என்னத்தப் பாக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மகள் உள்ளே வந்தாள். கண்ணாடியைத் தாயின் மடியில் வைத்தாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"இது ஆரு?"

அக்கா மவுசில் இருந்து கையை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். பிறகு, மற்றவர்களிடம் எந்த ஒழுங்கில் கேட்பாரோ அந்த ஒழுங்கிலேயே சொன்னார். பேர் சொன்னார். ஊர் சொன்னார். குடி சொன்னார். அந்தக் குடிக்குள் எந்தத் தாயின் வழி என்றும், அந்தத் தாயின் தாய் பேரும் சொன்னார். பதினாலு வருஷம் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார், ஒரு பேரில்கூடத் தடங்கவில்லை.

"உன்னப் பெத்தவ" என்றார். "எனக்கு இது எப்பவோ தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன்ட மாமா வாறார்."

பிள்ளை குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"ஐயோ! அழிஞ்சிட்டா?"

"இல்ல புள்ள, கரண்ட்தான். உள்ளுக்க இரிக்கி" என்றேன். "ஒரு மணிக்கு வந்திரும்."

மூன்று பேரும் கறுத்துப்போன திரைக்கு முன்னால் இருந்தோம். பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் தாயின் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டா என்னோட பகிடி கதைச்சீங்க?"

"ஓம்."

"எனக்குக் கோபம் வருகுது, அம்மா."

"வரட்டும். கோபம் வராட்டித்தான் பிழை."

பிள்ளை கண்ணைத் துடைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்கதான் என்ன அவருக்குக் காட்டோணும். ஒளிச்சு உள்ளுக்க போய் இரிக்கப்படாது. முதல்ல என்ட மகள் எண்டு சொல்லோணும். மறுகாத்தான் அவட மகள் எண்டு சொல்லோணும்."

"என்ட மகள்" என்று அக்கா அப்போதே சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.